கொண்டை ஊசி வளைவில் ஆடிய ஹெரால்டு

பழைய கார் வச்சிருக்கிறவங்க நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா முதல் பேச்சு மைலேஜ். ரெண்டாவது பேச்சு "வண்டி ஆடுது". இந்த "ஆடுது"ங்கிற சொல் இருக்கே, அது "உடம்பு சரியில்லை" மாதிரி. ஜலதோஷத்துக்கும் அதே சொல்தான், டைபாய்டுக்கும் அதே சொல்தான். டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் ஆடும். புஷ் தேஞ்சாலும் ஆடும். ஷாக் அப்சார்பர் செத்தாலும் ஆடும். எல்லாமே சரியா இருந்தும் வண்டியோட பிறவி அமைப்பே அப்படின்னாலும் ஆடும். இந்தக் கடைசி ரகத்தைத்தான் கண்டுபிடிக்கிறது கஷ்டம். தேய்மானம் எங்க முடியுது, பிறவிக் குணம் எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்.

நீலகிரி மலைப்பாதையையும் மெட்ராஸ்ல செஞ்ச ஒரு காரையும் வச்சு அந்தக் கதையைச் சொல்லலாம்னு இந்தப் பதிவு. கார் பேரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாற்பது வயசைத் தாண்டினவங்களுக்கு இந்நேரம் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருக்கும் :-) மத்தவங்களும் ஓடிடாதீங்க. இன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல நிக்கிற பழைய காருக்கும் இதுல விஷயம் இருக்கு.

முதல்ல ரோடு. ஏன்னா ரோடு இல்லாம சஸ்பென்ஷனுக்குக் கதை கிடையாது.

1819-ல கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்கப்புறம் 1821-23 வாக்குல மக்பர்சன்ங்கிற ராணுவ அதிகாரி கோத்தகிரி பக்கமா ஒரு பாதை போட்டார். 1830-32-ல லீ ஹார்டி குன்னூர் பக்கமா இன்னொண்ணு போட்டார். பின்னால அந்தக் குன்னூர் பாதையை, வண்டி ஏற வசதியா, வேற தடத்துல புதுசா போட்டாங்க. குன்னூர் போற வழியில லாஸ் அருவின்னு ஒண்ணு இருக்கே, அது அந்தப் பாதை வேலையைப் பார்த்த லா என்கிற ராணுவ அதிகாரியோட பேருதான். இதெல்லாம் யாருக்காகப் போட்ட பாதை? குதிரைக்கும் மாட்டு வண்டிக்கும். மாட்டுக்கு ஏத்தம் சுலபமா இருக்கணும், அதனால ரோட்டை மடிச்சு மடிச்சு விட்டாங்க. மேட்டுப்பாளையத்துலேர்ந்து குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியிலேர்ந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி பாதையில 36. ஒவ்வொரு வளைவுலயும் "9/14" "22/36"ன்னு பலகை வச்சு எண்ணிக் காட்டுவாங்க. வாந்தி வர்றவங்களுக்கு அது ஒரு கவுன்ட்டவுன்.

மாடு கொண்டை ஊசியில மெதுவா வட்டம் போட்டுத் திரும்பிடும். கார் அப்படி இல்லை. வளைவுல காரோட எடை வெளிப்பக்க சக்கரங்கள் மேல சாயும். இறக்கத்துல எடை முன்பக்கம் போகும், பின்பக்கம் லேசாகும். ரெண்டும் சேர்ந்து வர்ற இடம் இறக்கத்துல இருக்கிற வளைவு. சமவெளியில நேர் ரோட்டுல நூறு கிலோமீட்டர் போனாலும் தெரியாத தேய்மானம், பர்லியாரைத் தாண்டுறதுக்குள்ள தெரிஞ்சுடும். இடது, வலது, இடது, வலதுன்னு மாத்தி மாத்தி ஒவ்வொரு சக்கரத்தையும் பரீட்சை பண்ணும் அந்த ரோடு. காசு வாங்காத டெஸ்டிங் சென்டர்.

இப்ப கார்.

1950-களோட நடுவுல, இங்கேயே உற்பத்தி பண்ற திட்டம் இல்லாம வெறும் அசெம்பிளி பண்ணிட்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுக் கிளம்பினாங்க. மிச்சம் நமக்குக் கிடைச்சது மூணு கார். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல அம்பாசிடர். பம்பாயில ஃபியட் 1100 (1974-லேர்ந்து பத்மினி). மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு. இந்தியாவுல கார் வாங்கறதுன்னா பல வருஷம் இந்த மூணுக்குள்ளதான். அதுவும் காத்திருந்து. ஊட்டி, குன்னூர், எஸ்டேட்டு பங்களான்னு எங்க கார் ஓடினாலும் இந்த மூணுல ஒண்ணு, இல்லேன்னா ஜீப்.

இந்த மூணுக்கும் கால்கள் வேற வேற. அம்பாசிடர் முன்னால டார்ஷன் பார், அதாவது சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்கிக்கிற ஒரு நீளமான இரும்புத் தண்டு. பின்னால பட்டை ஸ்பிரிங், நடுவுல ஒரே தண்டா ஆக்ஸில். ஃபியட்டுக்கு முன்னால சுருள் ஸ்பிரிங், பின்னால பட்டை, அதுவும் ஒரே தண்டு. ஜீப்புக்கு நாலு பக்கமும் பட்டை. ஹெரால்டு மட்டும்தான் நாலு சக்கரமும் தனித்தனியா மேலும் கீழும் ஆடற கார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

ஹெரால்டு ஏன் அப்படிப் பிறந்ததுங்கிறதே ஒரு சுவாரஸ்யமான கதை. இங்கிலாந்துல கவென்ட்ரி ஊர்ல ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி. அவங்களுக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோங்கிற கம்பெனியை 1953-ல போட்டிக்காரங்களான பி.எம்.சி. வாங்கிட்டாங்க. ஒரே கூடா பாடி அடிச்சுத் தர ஆள் இல்லை. சரின்னு பழைய முறைப்படி தனி சேஸிஸ், அதுமேல துண்டு துண்டா பாடியை போல்ட் போட்டு மாட்டற மாதிரி செஞ்சாங்க. உருவம் வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. பொறியியல் ஹாரி வெப்ஸ்டர். 1959 ஏப்ரல்ல கார் வெளியில வந்தது. 1961-ல மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டுங்கிற பேர்ல செய்ய ஆரம்பிச்சது. 948 சி.சி. என்ஜின். இங்கிலாந்துல ரெண்டு கதவு, நம்ம ஊர்ல பின்னாடி நாலு கதவும் வச்சாங்க. நம்ம குடும்பத்துக்கு ரெண்டு கதவு எந்த மூலைக்கு?

மலைக்கு இந்தக் கார்ல ரெண்டு வரம் உண்டு. ஒண்ணு, திரும்புற வட்டம். 25 அடி விட்டத்துல முழு வட்டம் அடிச்சுடும். அம்பாசிடருக்கு அது சுமார் 35 அடி. கொண்டை ஊசியில எதிர்ல பஸ் வந்து நிக்கும்போது அந்தப் பத்தடியோட அருமை தெரியும். (மலை ரயில் தண்டவாளத்துக்கு நடுவுல பல்சட்டம் இருக்குல்ல, 1899-ல குன்னூருக்கு ரயிலை ஏத்தினது? ஹெரால்டு ஸ்டியரிங்கும் பல்சட்டமும் பல்சக்கரமும்தான். ரயில் அதால ஏறுது, கார் அதால திரும்புது.) ரெண்டாவது வரம் பானெட். மட்கார்டோட சேர்த்து மொத்த மூக்கும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் சஸ்பென்ஷன் முழுசும் கண்ணு முன்னால. டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக்கு சொர்க்கம்.

சாபம் பின்னால இருந்தது.

அம்பாசிடர் பின் ஆக்ஸிலை ஒரு காவடித் தண்டுன்னு வச்சுக்கங்க. ரெண்டு முனையிலயும் சக்கரம், நடுவுல வளையாது. ஒரு சக்கரம் குழியில இறங்கினா தண்டே சாயும், அவ்வளவுதான். ரோடு சமமா இருக்கிற வரைக்கும் சக்கரம் ரெண்டும் நேராத்தான் நிக்கும். ஹெரால்டுல அந்தத் தண்டை நடுவுல வெட்டி, டிஃபரன்ஷியல் பக்கத்துல ரெண்டு கீல் வச்ச மாதிரி. கோழி ரெக்கை மாதிரி ஒவ்வொரு பாதியும் தனியா மேல கீழ போகும். மேல குறுக்கா ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் ரெண்டு ரெக்கையையும் பிடிச்சிருக்கும். இதுக்குப் பேருதான் ஸ்விங் ஆக்ஸில். செலவு கம்மி, குழியில போனா குலுக்கல் கம்மி. ஆனா ரெக்கை மேல கீழ போகும்போது சக்கரமும் சாயும். அஞ்சு பேர் ஏறினா பின்பக்கம் அமுங்கும், சக்கரத்தோட தலை உள்பக்கம் சாஞ்சு காலைப் பரப்பி நிக்கும். ஆள் இறங்கினா நேராகும். ஜாக்கியில தூக்கி இறக்கினா கால் ரெண்டும் உள்ள மடங்கி, பிறந்த கன்னுக்குட்டி மாதிரி நிக்கும். கொஞ்ச தூரம் உருண்டாத்தான் சரியாகும்.

நிக்கும்போது இது வேடிக்கை. வளைவுல வேடிக்கை இல்லை. வேகமா ஒரு வளைவுக்குள்ள போறோம், "அய்யோ வேகம் ஜாஸ்தி"ன்னு பயந்து சட்டுனு ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுக்கிறோம், இல்லே பிரேக்கை மிதிக்கிறோம். எடை முன்னால ஓடும், பின்பக்கம் தூக்கும். வெளிப்பக்க சக்கரம் தரையில பக்கவாட்டுல தள்ளுற தள்ளு, வண்டியையே இன்னும் மேல தூக்கும். அந்த சக்கரம் வண்டிக்கு அடியில மடங்கும். டயரோட ஒரு ஓரம் மட்டும் தரையைத் தொடும். பின்பக்கம் வெளிய வீசும். முன்னறிவிப்பு ரொம்பக் கம்மி. பயந்தவன் இயல்பா எதைச் செய்வானோ அதையே தண்டிக்கிற அமைப்பு.

இது ஹெரால்டுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவுல ஷெவர்லே கார்வேர் 1960-லேர்ந்து 63 வரைக்கும் இதே ஸ்விங் ஆக்ஸில்தான், அதுவும் என்ஜின் பின்னால. அங்க ஆட்டத்தை அடக்க கம்பெனி சொன்ன மருந்து காத்து: முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26. இந்த வித்தியாசத்துலதான் வண்டியோட நிதானமே இருந்தது. பெட்ரோல் பங்க்ல வழக்கப்படி நாலுக்கும் ஒரே அளவு அடிச்சா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. 1964-ல குறுக்குப் பட்டை ஒண்ணைச் சேர்த்தாங்க, 1965-ல அமைப்பையே மாத்தினாங்க. அதே 1965-ல ரால்ஃப் நேடர் எழுதின புத்தகத்தோட முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பத்தித்தான். அமெரிக்காவுல கார் பாதுகாப்புச் சட்டம் வர்றதுக்கு அது ஒரு பெரிய காரணம். கூத்து என்னன்னா, 1972-ல அரசாங்கமே சோதனை பண்ணிப் பார்த்து, அந்தக் காலத்து ஒப்பான மத்த கார்களை விட கார்வேர் மோசம் இல்லைன்னு சொல்லிடுச்சு. அதாவது நோய் உண்மை, ஆனா நோயாளி ஒருத்தர் மட்டும் இல்லை.

கவென்ட்ரியில என்ன பண்ணாங்க? ஹெரால்டோட அதே சேஸிஸ் வம்சத்துல வந்த ஸ்பிட்ஃபயர், ஜி.டி.6 மாதிரி வேகமான கார்கள்லதான் முதல்ல கையை வச்சாங்க. 1968-ல ஜி.டி.6-க்கு பின்னால கீழ்க்கை ஒண்ணு கொடுத்தாங்க. 1970-ல ஸ்பிட்ஃபயருக்கு குறுக்குப் பட்டையை இறுக்கிப் பிடிக்காம, நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆட விட்டாங்க. மடங்கற வியாதி பெருமளவுக்கு அடங்கிப் போச்சு. ரெண்டுலயும் சக்கரங்கள் தனித்தனியா இயங்கற சுகத்தை விட்டுக்கொடுக்கலை.

மெட்ராஸ்ல என்ன பண்ணாங்க? 1972-ல ஸ்டாண்டர்டு கெஸல்னு ஒரு கார் விட்டாங்க. ஹெரால்டுக்கே சட்டையை மாத்தின மாதிரி, அதே 948 சி.சி. என்ஜின். ஆனா பின்னால ஸ்விங் ஆக்ஸில் போயே போச்சு. அம்பாசிடர், ஃபியட் மாதிரி ஒரே தண்டு! இந்திய சொந்தக்காரங்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்ஸில் பிடிக்கலைங்கிறதுதான் பொதுவா சொல்லப்படற காரணம்.

இதைப் படிச்சிட்டு "பாருய்யா, வெள்ளைக்காரன் முன்னேறினான், நாம பின்னாடி போனோம்"னு சிரிக்கிறவங்க உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஏன்னு சொல்றேன்.

ஹெரால்டோட ஆட்டம் முழுக்கப் பிறவிக் குணமா? அந்தக் காரோட கால்களை ஒண்ணொண்ணா பாருங்க.

பின் சக்கரங்களை முன்னும் பின்னும் நகராம பிடிச்சுக்கறது ரேடியஸ் ஆர்ம்ங்கிற ரெண்டு கை. அதுக்கு ரப்பர் புஷ். அந்த ரப்பர் செத்துட்டா, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின் சக்கரம் ஒரு திசை, காலை எடுக்கும்போது வேற திசை. வண்டி பின்பக்கத்தாலயே ஸ்டியரிங் பிடிக்கும். ஓட்டறவனுக்கு இது எப்படித் தெரியும்? "வளைவுல காலை எடுத்தா பின்னால வீசுது". ஸ்விங் ஆக்ஸில் நோயோட அதே அறிகுறி! அடுத்தது, குறுக்குப் பட்டை. வருஷக்கணக்கா சுமை ஏத்தினா அது உட்கார்ந்துடும். சக்கரம் எப்பவும் காலைப் பரப்பியே நிக்கும், டயர் உள் ஓரம் மட்டும் மொட்டையாகும். அடுத்தது, ஸ்டியரிங் ராக்கைப் பிடிச்சிருக்கிற ரப்பர். என்ஜின் ஆயில்ல ஊறி ஊறி அது கொழகொழன்னு ஆயிட்டா, நாம ஸ்டியரிங்கைத் திருப்பினா முதல்ல ராக் நகரும், அப்புறம்தான் சக்கரம் திரும்பும். நீலகிரி ஈரத்துல ரப்பருக்கும் இரும்புக்கும் ஆயுசு கம்மி. ஆறு மாசம் மழையும் பனியும் குடிச்ச வண்டியில இந்த மூணும் ஒண்ணா வந்தா, அது வண்டி குற்றமா, வரைஞ்சவன் குற்றமா?

இது எல்லாத்துக்கும் மேல முன்னால ஒரு வில்லன் இருக்கு. ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கற செங்குத்துத் தண்டோட அடிமுனையில மரை போட்டிருக்கும். அது ஒரு பித்தளை வகைக் கட்டைக்குள்ள திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பறப்பல்லாம் அந்த மரை அதுக்குள்ள சுழலும். இதுக்கு கம்பெனி சொன்ன மருந்து கிரீஸ் இல்லை, எண்ணெய். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியலுக்கு விடற கெட்டியான 90-ஆம் நம்பர் ஆயில். ஆனா நம்ம பழக்கம் என்ன? ஓட்டை கண்ட இடத்துல கிரீஸ் கன்னை வச்சு அமுக்கறது. மேனுவல் டிக்கியில தூங்கும், கிரீஸ் கன் கையில இருக்கும். கிரீஸ் மரையோட ஆழம் வரைக்கும் போகாது, போனாலும் காலப்போக்குல இறுகிடும். தண்ணி உள்ள போகும். எஃகு மரை துருப் பிடிக்கும். சுழல வேண்டியது இறுகும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்தத் தண்டை முறுக்கி முறுக்கி, ஒரு நாள் மரை ஆரம்பிக்கிற இடத்துல விரிசல் விட்டு முறிஞ்சுடும். முன் சக்கரம் மடிஞ்சு படுத்துடும்.

இது பெரும்பாலும் எப்ப முறியும் தெரியுமா? வேகமா போகும்போது இல்லை. மெதுவா, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது. முழுசா ஒடிச்சு, எடை முன்னால சாஞ்சு, வெளிப்பக்க சக்கரத்துல சுமை ஏறின இடம்... அதுக்குப் பேருதான் கொண்டை ஊசி வளைவு.

நல்லவேளை, இது சொல்லாம வர்ற சாவு இல்லை. வளைவை முடிச்சதும் நல்ல கார்ல ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்பி வரும். ட்ரன்னியன் இறுகினா வராது, நாமதான் பிடிச்சு இழுத்துத் திருப்பணும். மலையில ஓட்டறவன் இதை நாளைக்கு நூறு தடவை உணர்வான். உணர்ந்தும் "பழைய வண்டி, ஸ்டியரிங் கொஞ்சம் டைட்டு"ன்னு சொல்லிட்டுப் போனா, விதி பேர்ல பழி போடக் கூடாது.

இப்ப கெஸலுக்குத் திரும்பி வருவோம். பிறவிக் கோளாறும் பராமரிப்புக் கோளாறும் ஒரே அறிகுறியைக் காட்டினா, ஒரு கார் கம்பெனி என்ன பண்ண முடியும்? இங்கிலாந்துல ஓட்டறவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோ போற கார், நம்ம ஊர்ல ஆறு பேர், மேல கேரியர்ல பெட்டி படுக்கையோட மலை ஏறுது. ஊஞ்சல் பட்டை, கீழ்க்கை எல்லாம் நல்ல மருந்துதான், ஆனா இன்னும் நாலு ரப்பர் புஷ், இன்னும் நாலு இடத்துல கவனம். காவடித் தண்டுல தேய்றதுக்கு ஜாஸ்தி சாமான் கிடையாது. பட்டை முறிஞ்சா எந்த ஊர் கொல்லன் பட்டறையிலயும் சரி பண்ணலாம். குலுக்கும், ஆனா காலை மடக்காது. அதனால கெஸலோட பின் ஆக்ஸிலை நான் ஒரு நோய்க்கணிப்பாத்தான் பார்க்கிறேன். காரை மட்டும் பார்க்காம, ரோட்டையும் பட்டறையையும் ஏறி உட்கார்ற குடும்பத்தையும் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணிப்பு.

மருந்து சரி, நோயாளி பிழைக்கலை. கெஸல் 1977-ல நின்னு போச்சு. 1985-ல ரோவர் எஸ்.டி.1 பாடிக்குள்ள பழைய வான்கார்டு கார் வம்சத்து ரெண்டு லிட்டர் என்ஜினை வச்சு ஸ்டாண்டர்டு 2000-னு ஒண்ணு விட்டாங்க. நம்ம ரோட்டுக்காக உயரத்தைத் தூக்கினாங்க. விலை ஜாஸ்தி, சக்தி கம்மி. 1988-ல கம்பெனியே மூடிடுச்சு. பெருங்களத்தூர்ல தொழிற்சாலை இருந்த இடத்துல இப்ப அடுக்குமாடிகளும் ஐ.டி. கட்டடங்களும் நிக்குது. அம்பாசிடர் மட்டும் 2014 வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தது.

சரி, "உன் பழங்கதை எனக்கு எதுக்கு, என் வண்டி ஆடுது"ங்கிறீங்களா? கதையோட நீதி அங்கதான் இருக்கு. எந்தப் பழைய காரா இருந்தாலும் இந்த வரிசையில பாருங்க:

1. முதல்ல காத்து. குளிர்ந்த டயர்ல, கம்பெனி சொன்ன அளவு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியா. கார்வேர் கதையை நினைச்சுக்கங்க. காசு செலவில்லாம பாதி "ஆட்டம்" இதுலயே நிக்கும்.

2. டயரைப் படிங்க. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. நடுவுல தேஞ்சா ஜாஸ்தி. ஒரு ஓரம் மட்டும்னா சக்கரம் சாஞ்சிருக்கு. கையால தடவினா ரம்பம் மாதிரி ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் சொரசொரன்னு இருந்தா அலைன்மென்ட் கோளாறு. அங்கங்க குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பரையும் பேலன்ஸையும் சந்தேகப்படுங்க. ஆனா ஒரு எச்சரிக்கை: மலையிலயே ஓடற வண்டிக்கு முன் டயர் வெளி ஓரம் தேயறது சகஜம், வளைவுதான் காரணம். அந்த ஓரத்தை மட்டும் பார்த்துட்டு சமவெளிக் கணக்குல சக்கரத்தைச் சாய்ச்சு வச்சா, இல்லாத நோய்க்கு மருந்து.

3. சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, கீழ ஸ்டாண்டு வச்சு, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா இன்னொருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. நின்னுட்டா வீல் பேரிங். நிக்கலைன்னா கிங்பின், ட்ரன்னியன் இல்லே பால் ஜாயிண்ட். இடம் வலமா பிடிச்சா மட்டும் ஆடினா டை ராடு எண்டையும் ஸ்டியரிங் ராக்கையும் பாருங்க.

4. ஒவ்வொரு மூலையா அமுக்கி விடுங்க. ஒருமுறை எழும்பி அடங்கணும். ஊஞ்சலாடினா ஷாக் அப்சார்பர் போயாச்சு.

5. வண்டியைச் சமதரையில நிறுத்தி எட்ட நின்னு பாருங்க. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தா ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ உட்கார்ந்துடுச்சு.

6. கடப்பாரைக் கம்பியால ரப்பர் புஷ் ஒவ்வொண்ணையும் நெம்பிப் பாருங்க. வெடிப்பும் இடைவெளியும் கண்ணுக்கே தெரியும்.

7. வீல் அலைன்மென்ட் கடைசியில. எப்பவும் கடைசியில. ஆடற பல்லுக்கு கிளிப் மாட்டி என்ன பிரயோஜனம்?

நம்ம ஊர்ல பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழா நடக்குது. முதல்ல கம்ப்யூட்டர் அலைன்மென்ட், அப்புறம் நாலு புது டயர், அப்பவும் ஆடினா "மாடலே இப்படித்தான் சார்". ஹெரால்டுக்கும் இதே தீர்ப்புதான் கிடைச்சது. அதுல பாதி நியாயம், பாதி சோம்பேறித்தனம்.

இன்னொண்ணு. பிரேக் போட்டா மட்டும் ஒரு பக்கம் இழுத்தா அது பெரும்பாலும் பிரேக் கோளாறு, முதல்ல அங்க தேடுங்க. இறக்கத்துல எந்தக் கியர்ல ஏறுவோமோ அதுல இறங்கணும்ங்கிறது மலைக்காரங்க சட்டம். அது பிரேக்குக்காக மட்டும் இல்லை. என்ஜின் வண்டியைப் பிடிச்சிருந்தா, வளைவுக்கு நடுவுல பதறி பிரேக் மிதிக்கற அவசியமே வராது. ஸ்விங் ஆக்ஸிலோ, தேஞ்ச புஷ்ஷோ, காலை மடக்கறது அந்தப் பதட்டத்துலதான். 2018 அக்டோபர்ல கல்லட்டி இறக்கத்துல சென்னைலேர்ந்து வந்த கார் ஒண்ணு பள்ளத்துல விழுந்து அஞ்சு பேர் போனாங்க. வண்டி எங்க கிடக்குதுன்னு தெரியவே ரெண்டு நாள் ஆச்சு. அதுக்கப்புறம் வெளியூர் வண்டிகள் அந்த வழியா இறங்கக் கட்டுப்பாடு வந்தது. டி.என்.43 நம்பர்க்காரங்க அந்த ரோட்டுக்கு மரியாதை கொடுக்கிறது பயத்தால இல்லை, பழக்கத்தால.

இப்பவும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய ஷெட்டுகள்ல தார்ப்பாய் போர்த்தின ஹெரால்டு ஒண்ணு ரெண்டு கிடக்கலாம். தாத்தா கார்னு ஆசைப்பட்டு வெளிய எடுக்கிற பேரப்பிள்ளைங்க கவனத்துக்கு: பெயின்ட்டு அப்புறம், சீட் கவர் அப்புறம், பாட்டு பெட்டி எல்லாத்துக்கும் அப்புறம். முன் சக்கரங்களுக்குப் பின்னால ரெண்டு ட்ரன்னியன் இருக்கும். கழட்டி, மரையைச் சுத்தம் பண்ணி, துருவோ விரிசலோ இருந்தா யோசிக்காம மாத்துங்க. நல்லா இருந்தா மாட்டி, ஓரத்துல கசியற வரைக்கும் 90-ஆம் நம்பர் ஆயில் விடுங்க. மெக்கானிக் அண்ணன் கிரீஸ் கன்னோட வந்தா, "அண்ணே, இதுக்கு மட்டும் எண்ணெய்"னு மரியாதையா சொல்லுங்க. முறைப்பார். பரவாயில்லை.

ஹெரால்டு, கெஸல் ஓட்டின அனுபவம், இல்லே அப்பா தாத்தா சொன்ன கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. முக்கியமா, நாலு பேரை ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஏறினவங்க.